புதுப்பிப்பு: கடன் மறுத்த காரணம் எழுத்தில் வந்துவிட்டது

அமெரிக்காவில் எங்கள் சின்னத் தொழிலுக்குக் கேட்ட வங்கிக் கடனை, காரணமே சொல்லாமல் வாய்வார்த்தையாக மறுத்ததைப் போன மாதம் சொல்லியிருந்தேன். 'எழுதிக் கேளுங்கள்' என்றீர்கள், கேட்டேன். 1974-ஆம் ஆண்டின் சமக் கடன் வாய்ப்புச் சட்டம் தொழில் கடனுக்கும் பொருந்தும். இனம், மதம், பூர்வீகம் பார்த்து மறுக்கக் கூடாது. எங்களைப் போன்ற சிறு தொழில்கள் 60 நாளுக்குள் கேட்டால், 30 நாளுக்குள் காரணம் தர வேண்டும்.

28-ஆம் நாள் ஒரே வரியில் கடிதம்: 'வருமான விவரம் போதவில்லை.' மூன்று வருட வரிக் கணக்கைப் பெற்றுக்கொண்டதாக அந்த வங்கியின் அதிகாரியே கையெழுத்துப் போட்ட தாள் என்னிடம் இருக்கிறது! என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தவரும் அவர்தான். வெறும் அலட்சியமாகவும் இருக்கலாம், மறுக்கவில்லை. சரி, அந்தத் தாளின் நகலோடு புகார் அனுப்பியாயிற்று. அப்புறம், வேறொரு வங்கியிலும் விண்ணப்பித்திருக்கிறேன்.