அக்காட ஐபோன் 8 தானா ஓஃப் ஆகுது, தெரியாத நம்பர்ல வந்த படம்தான் காரணமா?

உவர்மலைத் தம்பி:

வணக்கம். திருகோணமலையில இருந்து எழுதுறன், கொஞ்சம் அவசரம். அக்கா இங்க ஒரு பெண்கள் அமைப்பில வேலை செய்யுறா, மூதூர் சம்பூர் பக்கம் காணிப் பிரச்சினை உள்ள ஆக்களப் போய்ச் சந்திக்கிறதுதான் வேலை, அதால அவட நம்பர் எல்லாரிட்டயும் இருக்கு, காணி உறுதிப் படம், வொய்ஸ், வீடியோ எண்டு நாள் முழுக்க வட்ஸ்அப்ல ஆரார்ட்ட இருந்தோ வந்துகொண்டே இருக்கும். போன் ஐபோன் 8, 64 ஜிபி, செகண்ட்ஹேண்ட்.

போன கிழமை தெரியாத நம்பர்ல இருந்து ஒரு படம் மட்டும் வந்திருக்கு. ஒரு வார்த்தை எழுதேல்ல. சட்ல சாம்பல் பெட்டியாத்தான் தெரியுது, அக்கா தொடவே இல்ல. அண்டைக்குப் பின்னேரம் போன் சூடாகி ஓஃப் ஆச்சு, பிறகு அடிக்கடி அப்பிடித்தான். டவுன்ல ஒரு கடையில காட்டினம், வைரஸ் ஏறிட்டு, போமட் அடிச்சு அன்டிவைரஸ் போட்டுத் தாறன் எண்டுறார். போமட் அடிச்சா சனம் நம்பி அனுப்பின உறுதிப் படமெல்லாம் போயிடும், பெக்கப் ஒண்டும் எடுத்து வைக்கேல்ல.

படத்தைத் திறக்காமலே போனுக்குள்ள பூரலாம் எண்டு வாசிச்சன், அது உண்மையா? ஐஓஎஸ் 16.7.10 எண்டு காட்டுது. அப்டேட் குடுத்தா இடம் காணாது எண்டு நிக்குது. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ, நாளைக்கு அக்கா திரும்பக் கடைக்குக் கொண்டு போகப் போறா.

கொட்பே:

தம்பி, முதல் வேலை, நாளைக்குக் கடைக்குப் போக விடாதீங்க. போமட் இப்ப வேணாம், அந்தப் படத்தையும் அழிக்க வேணாம், "இது என்னெண்டு பாருங்க" எண்டு இன்னொருத்தருக்கு அனுப்பவும் வேணாம்.

திறக்காமலே பூரலாமா எண்டா, ஓம், பூரலாம். நாம தொடேல்ல எண்டுறதுக்காக போன் அந்தப் படத்தைத் தொடேல்ல எண்டு இல்ல. சட்ல சின்னப் படம் காட்டணும், நோட்டிபிகேஷன்ல காட்டணும், கலரிக்குள்ள போகணும், இதுக்கெல்லாம் பைல உள்ளுக்க வாசிச்சுத்தான் ஆகணும். ஐபோன்ல அத வாசிக்கிற பகுதிக்குப் பேர் இமேஜ்ஐஓ. 2025 ஓகஸ்ட் 20 ஆப்பிள் அவசரமா ஐஓஎஸ் 18.6.2 விட்டது இதுக்குள்ள இருந்த ஓட்டைக்காகத்தான், அந்த ஓட்டைக்குக் குடுத்த பதிவு நம்பர் சிவிஇ-2025-43300. டிஎன்ஜி எண்டு கமரா ஆக்கள் பாவிக்கிற ஒரு பட வகை இருக்கு, அந்த பைலுக்குள்ள ஒரு புள்ளிக்கு எத்தின கலர்க் கூறு எண்டு ரெண்டு இடத்தில எழுதியிருக்கும். ரெண்டும் ஒத்துப்போகாத மாதிரி ஆராவது வேணுமெண்டே மாத்தி வச்சா, ஒதுக்கின மெமரிய விடக் கூட எழுதுப்பட்டிரும். இங்க துறைமுகத்தில மீன் ஏத்துறத வச்சு நினைச்சுப் பாருங்க, துண்டில 20 கிலோ எண்டு எழுதி அதுக்கேத்த பெட்டி வச்சிருக்கு, கொட்டுறவர் 40 கிலோவக் கொட்டுறார், மிச்சம் பக்கத்துப் பெட்டிக்குள்ள விழும். மெமரியில அந்தப் பக்கத்துப் பெட்டிக்குள்ள இருக்கிறது அதே புரோக்ராம்ட வேற தகவல், எது எங்க விழணும் எண்டு கணக்குப் பாத்துக் கொட்டத் தெரிஞ்சவனுக்குப் போனுக்குள்ள பூர வழி கிடைச்சிரும்.

உங்கட போனுக்கு வாறன். ஐபோன் 8க்கு 18 வராது, ஆனா ஆப்பிள் கைவிடேல்ல, 2025 செப்டம்பர்ல அதே ஓட்டைய அடைச்சு 16.7.12 விட்டது. அக்காட 16.7.10 எண்டா அந்த ஓட்டை இன்னும் திறந்துதான் கிடக்கு. அதுக்காக அந்தப் படம்தான் போன ஓஃப் ஆக்குது எண்டு சொல்ல மாட்டன். ஸ்டோரேஜ் நிரம்பினா படம் முழுசா இறங்காது, சாம்பல் பெட்டிதான் தெரியும். ஐபோன் 8 வந்தது 2017ல, பட்டரி இன்னும் பழசெண்டா சூடாகி ஓஃப் ஆகுறது வழமை. செட்டிங்ஸ்ல பட்டரிக்குள்ள போய் பட்டரி ஹெல்த் எத்தின வீதம், கீழ ஏதும் எழுதியிருக்கா எண்டு பாத்துச் சொல்லுங்க.

நிலாவெளி:

இவ்வளவு கரைச்சல் என்னத்துக்கு, ஐபோன வித்துட்டு ஒரு சாம்சங் எடுத்துக் குடுங்க. ஆண்ட்ராய்டுக்கு இப்பிடிப் படத்தால பிரச்சினை வந்ததா நான் கேள்விப்படேல்ல.

கொட்பே:

நிலாவெளி, ஆண்ட்ராய்டுக்கும் வந்திருக்கு. 2015 ஜூலையில ஸ்டேஜ்பிரைட் எண்டு பெரிய கதை, எம்எம்எஸ்ல ஒரு வீடியோ வந்தாலே போதும் எண்ட நிலமை, எம்பி4 பைலில எழுதியிருந்த அளவுகளக் கூட்டேக்க எண் நிரம்பிச் சின்னதாகி, மெமரி குறைய ஒதுக்குப்பட்ட பிரச்சினை. 90 கோடிக்கு மேல போன் பாதிக்கப்படலாம் எண்டு கண்டுபிடிச்ச ஆக்கள் சொன்னவை. மாசாமாசம் செக்யூரிட்டி அப்டேட் வாறது அந்த வருசம் ஓகஸ்ட்ல தொடங்கினதுதான். சாம்சங்கிலயும் இதே டிஎன்ஜி படத்தால சிவிஇ-2025-21042 எண்டு ஒண்டு, லேண்ட்ஃபோல் எண்ட உளவு மென்பொருள் அதுக்குள்ளால பூந்தது, 2025 ஏப்ரல்ல அடைச்சது. எந்தக் கம்பெனி எண்டுறதில கதை இல்ல, அந்தப் போனுக்கு அப்டேட் இன்னும் வருதா, வந்தத ஆக்கள் போட்டினமா, அதுதான்.

உப்புவெளி அக்கா:

கொட்பே சொன்னதோட ஒரு சொல்லு. தம்பி, இந்த மாதிரித் தாக்குதல் சும்மா எல்லாருக்கும் அனுப்புறதில்ல, செலவு கூட, ஆளப் பாத்துத்தான் அனுப்புவினம். ஆப்பிளும் அந்த ஐபோன் ஓட்டையக் குறிப்பிட்ட சில தனி ஆக்களுக்கு எதிரா மிக நுட்பமாப் பாவிச்சிருக்கலாம் எண்டுதான் எழுதினது. வட்ஸ்அப்ல இருந்த இன்னொரு ஓட்டையோட சேத்துத்தான் அது நடந்ததெண்டு பாக்கினம், வட்ஸ்அப் எச்சரிக்கை அனுப்பினது 200 பேருக்கும் குறைவு. சாதாரண ஆக்கள் பயந்து சாகத் தேவையில்ல எண்டுதான் நான் எல்லாருக்கும் சொல்லுறது.

ஆனா உங்கட அக்கா செய்யுறது காணிப் பிரச்சினை. அவட போனுக்குள்ள கிடக்கிறது அவட விசயம் மட்டும் இல்ல, நாலு கிராமத்துச் சனத்திட உறுதியும் பேரும். அதால அவவுக்கு நான் அப்பிடிச் சொல்ல மாட்டன். அக்செஸ் நவ் எண்ட அமைப்பில சமூக அமைப்பு ஆக்களுக்கு, ஊடக ஆக்களுக்கு எண்டு இலவசமா டிஜிட்டல் பாதுகாப்பு உதவி இருக்கு, அவைக்கு எழுதச் சொல்லுங்க. கேக்கிறதில ஒரு வெக்கமும் இல்ல. அவை கேப்பினம் என்ன பெக்கப் வேணும், என்ன லொக் (போன் தனக்குள்ள நடந்தத எழுதி வைக்கிற பதிவு) வேணும் எண்டு, அதுக்காகத்தான் படத்தை அழிக்க வேணாம் எண்டுறது. போமட் எண்டுறது எப்பவும் பிழை இல்ல, அந்த எச்சரிக்கை வந்த ஆக்களுக்கு வட்ஸ்அப்பே முழுசா ரீசெட் பண்ணச் சொன்னது. ஆனா பெக்கப் இல்லாம, பாக்கத் தெரிஞ்ச ஆக்கள் பாக்க முதல், கடையில குடுத்து அடிக்கிறது வேற. ஐபோனுக்கு அன்டிவைரஸ் எண்டு காசு குடுக்கவும் வேணாம், ஒரு ஆப் இன்னொரு ஆப்புக்குள்ள எட்டிப் பாக்க ஐஓஎஸ் விடாது, பிறகு அது எதைத் தேடுறது?

உவர்மலைத் தம்பி:

அக்கா, அண்ணா, ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி. பட்டரி ஹெல்த் 71 வீதம். கீழ, பட்டரியால தேவையான பவர் குடுக்க ஏலாம போன் எதிர்பாராம ஓஃப் ஆகினது எண்டு இங்கிலிஷ்ல எழுதியிருக்கு. அப்ப ஓஃப் ஆகுறது பட்டரியாலதானே? அக்செஸ் நவ்வுக்கு அக்கா எழுதிட்டா. அவை பதில் போட்டா அப்டேட் எப்பிடிப் போடுறது, போன்ல 1 ஜிபியும் இல்ல. வீட்ட விண்டோஸ் லெப்டொப் ஒண்டு இருக்கு.

கொட்பே:

ஓம், அந்த வசனம் இருந்தா ஓஃப் ஆகுறதுக்குக் காரணம் பட்டரிதான், மாத்துங்க. படம் என்னெண்டுறது தனி விசயம், அத உதவி ஆக்கள் பாக்கட்டும்.

லெப்டொப் இருந்தா இடப் பிரச்சினை முடிஞ்சுது. ஐடியூன்ஸ் இல்லாட்டி ஆப்பிள் டிவைசஸ் ஆப்பப் போட்டுக் கேபிளால குடுங்க, அப்டேட் பைல் லெப்டொப்பில இறங்கும், போன்ல அவ்வளவு இடம் கேக்காது. முதல்ல பெக்கப், "என்கிரிப்ட்" எண்ட பெட்டியில டிக் போட்டு பாஸ்வேர்ட் குடுங்க, அந்தப் பாஸ்வேர்ட எழுதி வையுங்க, மறந்தா அந்தப் பெக்கப் திறக்காது. பிறகு "அப்டேட்" எண்டத அமத்துங்க. பக்கத்தில "ரிஸ்டோர்" எண்டு இருக்கும், கை படக்கூடாது, அது எல்லாத்தையும் அழிச்சுப் போடும். முடிஞ்ச பிறகு 16.7.12 அல்லது அதுக்கு மேல காட்டுதா எண்டு பாருங்க.

அதுக்குப் பிறகு வட்ஸ்அப் செட்டிங்ஸ்ல மீடியா தானா இறங்குறத ஓஃப் பண்ணுங்க, படம் போன் கலரிக்குப் போறதையும் நிப்பாட்டுங்க. இது மட்டும் காணும் எண்டு இருந்திராதீங்க, 2025ல நடந்தத ஆள் ஒண்டும் தொடாமலே செய்திருக்கலாம், அடைக்கிறது அப்டேட் மட்டும்தான். அக்காவுக்கு லொக்டவுன் மோடும் போட்டு விடலாம், இப்பிடி ஆளப் பாத்து அனுப்புற தாக்குதலுக்கு எதிரா ஆப்பிள் வச்ச கூடுதல் பாதுகாப்பு அது, ஐஓஎஸ் 16ல இருந்தே இருக்கு, சில வசதி குறையும், அவட வேலைக்கு அது பரவாயில்ல.

உவர்மலைத் தம்பி:

அக்செஸ் நவ்வில பதில் வந்து, அவை கேட்ட மாதிரி பெக்கப்பும் லொக்கும் எடுத்துக் குடுத்தாச்சு, பிறகுதான் அப்டேட் போட்டது. உறுதிப் படமெல்லாம் அப்பிடியே இருக்கு. அக்கா நாளைக்கு ஒபிஸில மற்ற ஆக்கள்ட போனையும் பாக்கப் போறா, ஒருத்தரிட்ட ஐபோன் 6எஸ், மிச்சம் எல்லாம் சாம்சங். அதுகள்ள எதப் பாக்கணும்?

கொட்பே:

6எஸ் எண்டா ஐஓஎஸ் 15.8.5 அல்லது அதுக்கு மேல. சாம்சங்கில செட்டிங்ஸ், எபௌட் போன், சொப்ட்வெயர் இன்போமேஷன், அங்க ஆண்ட்ராய்டு செக்யூரிட்டி பேட்ச் எண்டு ஒரு திகதி இருக்கும், ஆண்ட்ராய்டு வேர்ஷன் நம்பரப் பாத்து ஏமாறாதீங்க, திகதியப் பாருங்க. 2025 செப்டம்பருக்கு முந்தின திகதி எண்டா அப்டேட் தேடச் சொல்லுங்க, அந்த மாசம் இதே படம் வாசிக்கிற பகுதியில இன்னொரு ஓட்டையையும் சாம்சங் அடைச்சது. தேடியும் ஒண்டும் வரேல்ல எண்டா அந்தப் போன்ல உறுதிப் படம் வாங்குறத நிப்பாட்டச் சொல்லி அக்காட்டச் சொல்லுங்க.