கனடால இருந்து வந்த சால்மன் ராடு, மெட்ராஸ் கடலுக்கு ஒத்து வருமா?

திருவான்மியூர்_தூண்டில்:

எல்லாருக்கும் வணக்கம். என் மச்சான் வான்கூவர்ல இருக்கான், இந்த தடவ லீவுக்கு வந்தப்ப அவன் பழைய மீன்புடி சாமான் எல்லாத்தையும் ஒரு பெரிய பைல கட்டி கொண்டாந்து எங்க வீட்ல போட்டுட்டு போய்ட்டான். அதுல என்ன இருக்குன்னா பத்தரை அடி ராடு ஒண்ணு, நல்லா வளையுது, அதுக்கு ஒரு ரவுண்டு ரீல், கியரே கிடையாது, கைப்புடிய ஒரு சுத்து சுத்துனா ஸ்பூலும் ஒரே ஒரு சுத்து தான். அப்புறம் முழங்கை நீளத்துக்கு பச்சை, செவப்பு கலர்ல மினுமினுன்னு ஃப்ளாஷர் தகடு, வளைஞ்ச ஈயம், வெள்ளை ரப்பர் வால் வெச்ச கனமான ஜிக்கு (ஈயம் வெச்ச போலி இரை, இது லிங்காட்னு ஒரு மீனுக்குன்னு சொன்னான்). தூண்டில் முள்ளு எல்லாத்துலயும் பார்ப்ப (மீன் கழண்டுடாம இருக்க முனைக்கு பக்கத்துல இருக்குற எதிர் கூர்) கட்டிங் பிளேயரால நசுக்கி வெச்சிருக்கான், அங்க சால்மன் புடிக்க பார்ப் இல்லாத முள்ளு தான் போடணும்னு சட்டமாம்.

நான் இதுவரைக்கும் திருவான்மியூர் பீச்சுல கைத்தூண்டில்ல கிழங்கான் புடிச்ச ஆளு, அவ்ளோ தான். இப்ப ரெண்டு ஆசை. ஒண்ணு, கரைல நின்னு காலா புடிக்கணும். ரெண்டு, தெரிஞ்சவர் ஒருத்தர் ஃபைபர் போட்ல கூட்டிட்டு போறேங்கறாரு, சங்கரா கலவா மாதிரி அடிமீன் புடிக்கணும். இந்த பைல எது உதவும், எத புதுசா வாங்கணும்? எட்டாயிரம் வரைக்கும் செலவு பண்ணலாம், அதுக்கு மேல போனா வீட்ல பேச்சு வாங்கணும்.

ஈசிஆர்_காத்து:

சார், முதல்ல ஒண்ணு. கடைல இந்தியன் சால்மன்னு போர்டு வெச்சு விக்கிற காலாவுக்கும் உங்க மச்சான் புடிச்ச சால்மனுக்கும் சொந்தமே கிடையாது. அவன் மீன் குளிர் தண்ணில வாழ்றது, நம்ம கடல் வருஷம் பூரா 26லருந்து 30 டிகிரி. காலா சேறு கலந்த ஆழமில்லாத தண்ணில, முகத்துவாரம் பக்கமா சுத்துற மீன். அத ஒரு தடவ கைல எடுத்து பாருங்க, கண்ணு மேல கண்ணாடி மாதிரி ஒரு சவ்வு மூடியிருக்கும், மூக்கு முன்னாடி நீட்டிக்கிட்டு வாய் அடில இருக்கும், பக்கத்து துடுப்புக்கு கீழ நாலு மீசை தனியா தொங்கும். கலங்குன தண்ணில அந்த மீசையால தடவி தான் எறா, சின்ன மீன் எல்லாம் கண்டுபுடிக்கும். அதனால இரை தரைக்கு பக்கத்துல இருக்கணும், வாசனை இருக்கணும், அது ரெண்டும் தான் முக்கியம், தகடு மினுமினுக்கிறது இல்ல.

அந்த ஃப்ளாஷர் எப்படி வேலை செய்யும்னா, அங்க போட்டுல டவுன்ரிக்கர்னு ஒண்ணு வெச்சிருப்பாங்க, பத்து பதினஞ்சு பவுண்டு இரும்பு இல்லன்னா ஈய குண்ட கம்பில கட்டி ஆழத்துக்கு எறக்குவாங்க, நம்ம நரம்ப (தூண்டில் கயிறு) அதுல ஒரு கிளிப்புல மாட்டிடுவாங்க, போட்டு மெதுவா போக போக பின்னால ஃப்ளாஷர் பெருசா வட்டமடிச்சு சுத்தும், மீன் அடிச்சா கிளிப்பு விட்டுடும். கரைல நின்னு அத வீச முடியாது, வீசினாலும் காத்தாடி தான். மொட்டை மாடில வத்தல் காய வெக்கிறப்ப காக்கா வெரட்ட கட்டுங்க, நல்லா வேலை செய்யும்.

ராடு மூச்சிங் ராடு. வெட்டுன ஹெர்ரிங் மீன கோத்து அடி வரைக்கும் எறக்கி மெதுவா சுத்தி ஏத்துறதுக்கு செஞ்சது, நுனி சாஃப்டா இருக்குறதால சின்ன கடியும் தெரியும். இது போட்டுல அடிமீனுக்கு தாராளமா ஓடும். ஆனா கரைக்கு வேணாம், அந்த ரீல்ல வீசவே முடியாது. ஸ்பின்னிங் ரீல் மாட்டலாமேன்னு தோணும், மாட்டலாம், ஆனா முதல் வளையம் சின்னது, ஸ்பூல்லருந்து சுருள் சுருளா வர்ற நரம்பு அதுல ஒரசி தூரம் பாதி தான் போகும். இன்னொண்ணு, அந்த ரீல்ல ஒரு நல்ல பாறை மீன் இழுத்தா கைப்புடி திரும்பி சுத்தி விரல் முட்டிய பேத்துடும், அங்க அதுக்கு பேரே நக்கிள் பஸ்டர் தான். உள்ளங்கைய ஸ்பூல் ஓரத்துல வெச்சு பிரேக் போட பழகிட்டு போட்டுக்கு எடுத்துட்டு போங்க.

கரைக்கு புதுசா வாங்க வேண்டியது: 11 அல்லது 12 அடி சர்ஃப் ராடு, 60லருந்து 120 கிராம் வரைக்கும் வீசுற மாதிரி. 5000 இல்லன்னா 6000 சைஸ் ரீல். 25 பவுண்டு பிரெய்டு (பின்னல் நரம்பு), அதுக்கு முன்னாடி 50 பவுண்டு மோனோ (ஒத்தை இழை நைலான் நரம்பு) நீளமா ஷாக் லீடர், இல்லன்னா கனமான ஈயத்த வேகமா வீசுறப்ப பிரெய்டு அறுந்து ஈயம் பக்கத்துல நிக்கிறவன் தலைல விழும், விரலும் வெட்டும். பெரிய பிராண்டு பேர பாத்து மயங்க வேணாம், நம்ம உப்புக்கும் மணலுக்கும் எல்லா ரீலும் ஒண்ணு தான், வீட்டுக்கு வந்ததும் டிராக்க (ரீலோட பிரேக்) இறுக்கிட்டு லேசா நல்ல தண்ணில கழுவுறவனுக்கு தான் ரீல் நெலைக்கும். எட்டாயிரத்துல எல்லாம் முடிஞ்சிடும்.

குப்பத்து_மாலுமி:

அந்த தம்பி சாமான் பத்தி நல்லா சொல்லிக்கிறாரு. நான் தண்ணி பத்தி சொல்றேன். எவ்ளோ ஷோக்கான ராடு வெச்சிருந்தாலும் தண்ணி பாக்க தெரியலன்னா சும்மா நின்னுட்டு சுண்டல் துன்னுட்டு வர வேண்டியது தான்.

நம்ம பக்கம் ஏத்தம் வத்தம் ரெண்டுக்கும் பெருசா வித்தியாசம் இல்ல, அமாவாச பௌர்ணமிக்கே ஒரு மீட்டர் சொச்சம் தான். அதனால நெட்ல டைட் டேபிள் பாத்து நிக்கிறதவிட நீரோட்டம் எந்தாண்ட போவுதுன்னு பாரு. தெக்கேந்து வடக்க ஓடுனா தெண்டி, வடக்கேந்து தெக்க ஓடுனா வண்ணி. மழைக்காலத்துல வண்ணி புடிச்சி இழுக்கும், அப்ப உருண்ட ஈயம் போட்டியானா ரெண்டு நிமிசத்துல உருண்டு உருண்டு பக்கத்து ஆள் நரம்புல சிக்கிக்கும். நாலு பக்கமும் கூரா இருக்குற ஈயம் போடு, மணல்ல குத்திக்கினு நிக்கும். அப்பவும் நிக்கலன்னா கம்பி கால் வெச்ச ஈயம்.

காலா எப்ப வரும்னா, ஐப்பசி கார்த்திகை மழை அடிச்சி அடையாறு முகத்துவாரம் மணல ஒடச்சிக்கினு தொறக்கும் பாரு, உள்ள இருக்குற எறா, மடவை குஞ்சு எல்லாம் வெளிய வரும். செம்மண் தண்ணியும் கடல் தண்ணியும் சேர்ற எடத்துல கோடு போட்ட மாதிரி தெரியும், அந்த கோட்டு மேல போடு. காலா, கொடுவா ரெண்டும் அங்க தான் நிக்கும். விடியக்காலம், சாயங்காலம் வெளிச்சம் மங்குற நேரம். ரொம்ப தூரம் வீச வேணாம், எல்லாரும் பண்றது இது தான், தம் கட்டி தூரமா வீசுவான், மீன் இவன் முட்டிக்கால் ஆழத்துக்கு பின்னாடி இருக்குற பள்ளத்துல மேயும். அலை ஒடையற எடத்துக்கும் கரைக்கும் நடுவுல தண்ணி கருப்பா தெரியற பள்ளம், அதுல போடு.

முகத்துவாரத்துல தண்ணில எறங்கி நிக்காத. சொல்லிட்டேன். மணல் காலுக்கு அடியிலேந்து அப்படியே போய்டும். ஒடஞ்ச பாலத்தாண்ட எத்தினி புள்ளைங்க போயிருக்குன்னு எங்க ஆளுங்கள கேளு, தேடி எடுத்தது நாங்க தான்.

திருவான்மியூர்_தூண்டில்:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அண்ணே, தண்ணில எறங்க மாட்டேன். இரை உயிரோட போடணுமா, ஐஸ்ல வெச்ச எறா போதுமா? லூர் (போலி இரை) போட்டா காலா அடிக்குமா? பார்ப் நசுக்குன முள்ளுல மீன் தப்பிச்சிடாதா?

லூர்_பைத்தியம்:

ப்ரோ லூர்ல சூப்பரா அடிக்கும், யார் சொன்னா இல்லன்னு. நாலு இன்ச் சாஃப்ட் பிளாஸ்டிக், துடுப்பு வால், வெள்ளை இல்லன்னா எறா கலர், 20 கிராம் ஜிக் ஹெட் (ஈயத் தலை வெச்ச முள்ளு). தண்ணி கொஞ்சம் தெளிஞ்ச நாள்ல கோவளம் பக்கம், முட்டுக்காடு முகத்துவாரம் பக்கம் நடந்துகிட்டே வீசுங்க, ஒரே எடத்துல ராட ஊனிட்டு உக்காந்துகிட்டு பீச்சுல தூங்குறது எல்லாம் எனக்கு ஒத்து வராது. தரைய தொட விட்டு ரெண்டு சுத்து, நிறுத்தம், திரும்ப தரை, இப்படியே வரணும். உங்க மச்சானோட ஜிக் கரைக்கு ரொம்ப கனம், ஆனா போட்டுல கலவாவுக்கு அது தங்கம், லிங்காட்டும் கலவா மாதிரி பாறை இடுக்குல ஒளிஞ்சு அடிக்கிற மீன் தான், அதே வேலை அதே ஜிக்.

காலா உதடு உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கும், அதனால கடைசி லீடர் 40 பவுண்டு வெச்சிட்டு ஒவ்வொரு மீனுக்கு அப்புறமும் விரலால தடவி பாத்துட்டு சொரசொரன்னு இருந்தா அந்த அரையடிய வெட்டி எறிஞ்சிட்டு திரும்ப முடிச்சு போடுங்க. சீலா, வஞ்சிரம் சுத்துற எடம்னா மோனோ எல்லாம் ஒரே வெட்டு, கம்பி தான்.

குப்பத்து_மாலுமி:

லூரு அடிக்கும் பா, இல்லன்னு சொல்லல, தண்ணி தெளிஞ்சா. கலங்கல் தண்ணில உயிர் எறாவ வாலாண்ட கோத்து போடு, தலைல கோத்தியானா உள்ள கருப்பா ஒரு புள்ளி தெரியும், அத மட்டும் குத்திடாத, செத்துடும். இல்லன்னா வெரல் நீள மடவை. ஐஸ் எறாவுக்கு கெளுத்தி தான் வரும், நாள் பூரா கெளுத்தி கழட்டினு இருப்ப.

ஈசிஆர்_காத்து:

முள்ளு விஷயம். சர்க்கிள் ஹூக் (முனை உள்பக்கமா வளைஞ்ச முள்ளு) வாங்குங்க, 4/0 இல்லன்னா 5/0 சைஸ். இதுல கடிச்ச உடனே ராட வெட்டி இழுக்க கூடாது, வெட்டினா வாய விட்டு சும்மா வந்துடும். நரம்பு இறுகட்டும், மெதுவா சுத்துங்க, முள்ளு தானா திரும்பி வாய் ஓரத்துல மாட்டும். சில நேரம் இழுக்கவே இழுக்காது, டப்புன்னு நரம்பு தொய்ஞ்சிடும், ஈயம் அறுந்துடுச்சோன்னு நினைப்பீங்க, மீன் இரைய கவ்விட்டு கரைப்பக்கம் வருதுன்னு அர்த்தம், வேகமா சுத்தி தொய்வ எடுங்க. நரம்ப இறுக்கமா வெச்சிருக்குற வரைக்கும் பார்ப் இல்லன்னா ஒண்ணும் ஆகாது. கெளுத்திய கையால தொடாம பிளேயர்ல ஒரு திருகு திருகி விடலாம், அதுக்கே நான் எல்லா முள்ளுலயும் நசுக்கிடுவேன்.

இன்னொண்ணு, காலா முதல்ல ஆணா இருந்து பெருசான பின்னாடி பெண்ணா மாறுற மீன். கை அகல குட்டியும் வேணாம், ரொம்ப பெருசும் விட்டுடலாம்ங்கறது என் கட்சி. இதுக்கு நிறைய பேர் என்ன திட்டுவாங்க, பரவால்ல.

மயிலாப்பூர்_கொழம்பு:

தம்பி, புடிக்கிறது எல்லாம் சரி, திங்கிறதுக்கா? கூவம், அடையாறு முகத்துவாரத்துல புடிச்சத நான் வீட்ல ஏத்த மாட்டேன், ஊர் சாக்கடை முழுசும் அங்க தான் வருது. எண்ணூர் பக்கமும் 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட எண்ணெய் கலந்து கழிமுகம் பூரா கருப்பா படிஞ்சத மறக்க முடியல. அங்க புடிச்சா விட்டுட்டு வாங்க. கொழம்புக்கு வேணும்னா கோவளத்துக்கு தெக்கால போங்க, இல்ல போட்ல போங்க.

நான் நர்ஸா இருந்தவ, அதனால இதயும் சொல்லிடறேன். கெளுத்தி முள்ளோ திருக்கை முள்ளோ குத்துச்சுன்னா ஐஸ் வெக்காதீங்க. தாங்குற அளவு வெந்நீர்ல, கொதிக்கிற தண்ணி இல்ல, 45 டிகிரி வாக்குல, வலி குறையற வரைக்கும் அரை மணி ஒரு மணி நேரம் முக்கி வெக்கணும், அந்த விஷம் சூட்டுக்கு கெடும். சூடு சரியான்னு குத்தாத கைய விட்டு பாருங்க, வலில இருக்குற கைக்கு சூடு தெரியாம வெந்துடும். ஃப்ளாஸ்க்ல வெந்நீர் எடுத்துட்டு போங்க, டீக்கு ஆச்சுன்னு வெச்சுக்கங்க. முள்ளு உள்ள ஒடஞ்சிருந்தா, இல்ல நெஞ்சு வயித்துல குத்தியிருந்தா நீங்களே புடுங்காம நேரா ஆஸ்பத்திரி, டிடி ஊசியும் போட்டுக்கணும்.

திருவான்மியூர்_தூண்டில்:

அக்கா இது யாருமே சொல்லாத விஷயம், நன்றி. போட்டு பத்தி மட்டும் இன்னும் கொஞ்சம் சொல்லுங்களேன், ஏப்ரல் கடைசில போலாம்னு அவர் சொல்றாரு, அப்ப தடைக்காலம் இல்லையா?

குப்பத்து_மாலுமி:

ஏப்ரல் 15லேந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடை விசைப்படகுக்கு, இழுவலைக்கு. ஃபைபர் போட்டு போவலாம். சொல்லப்போனா அப்ப தான் நல்லாருக்கும், பெரிய போட்டு அடிய அரிக்காது.

சங்கராவும் கலவாவும் மணல்ல இருக்காது, பாரு, அதான் கடலடி பாறை, இருக்குற எடத்துல தான், அது ஓட்டுறவனுக்கு தெரியும், நீ ஜிபிஎஸ்ல குறிச்சிக்காத, கோவப்படுவான், அது அவன் சோறு. ஈயம் கீழயும் முள்ளு மேலயும் வர்ற மாதிரி கட்டு, கீழ ஈயம், ஒரு முழம் மேல ஒரு கிளை, இன்னொரு முழம் மேல இன்னொரு கிளை. ஈயம் கட்டுற துண்டு நரம்பு மட்டும் மெலிசா இருக்கட்டும், பாருல மாட்டுனா அது மட்டும் அறுந்து மீதி வந்துடும். அந்த எடத்துக்கு ஈயம் கூட வேணாம், புதுப்பேட்டைல பழைய ஸ்பார்க் பிளக் வாங்கி ரெண்டு மூணா சேத்து கட்டிக்க, போனாலும் நெஞ்சு வலிக்காது. இரை கணவா துண்டு, முள்ள விட்டு சீக்கிரம் போவாது.

ஈயம் தரைல தட்டுனதும் ரெண்டு சுத்து தூக்கிடு. கலவா கடிச்சா யோசிக்காத, மொத ரெண்டு ஆள் ஒசரம் எப்படியாவது மேல கொண்டாந்துடு, இல்ல பொந்துக்குள்ள பூந்து செவுள விரிச்சிக்கும், அப்புறம் அந்த சாஃப்ட் ராடு வெச்சு ஒண்ணும் புடுங்க முடியாது. இதுக்கு கைத்தூண்டிலே மேல்னு நான் சொல்வேன், உனக்கு தான் அது ஏற்கனவே தெரியுமே.

ஈசிஆர்_காத்து:

சங்கராவுக்கு மூச்சிங் ராடு, கலவாவுக்கு கைத்தூண்டில், நானும் அதுக்கு ஓட்டு. ஆழத்துலருந்து வர்ற மீனுக்கு காத்துப்பை ஊதி வயிறு வாய் வழியா வெளிய தள்ளியிருக்கும், சின்னதா இருக்கேன்னு அத அப்படியே மேல விட்டா மிதந்துகிட்டே சாகும், பருந்து தூக்கிட்டு போகும். பார்ப் நசுக்குன முள்ள தலைகீழா ஒரு ஈயத்துல கட்டி, அதுல கீழ் உதட்ட மாட்டி திரும்ப ஆழத்துக்கு எறக்கி சடக்குன்னு ஒரு இழு இழுத்தா கழண்டுக்கும், காத்து சுருங்கி மீன் போய்டும். உங்க மச்சான் ஊர்ல போட்டுல புடிச்ச ராக்ஃபிஷ்ங்கற பாறை மீன திரும்ப விட்டா இப்படி ஆழத்துக்கு எறக்கி தான் விடணும்னு சட்டம் போட்டிருக்காங்க, அதுக்குன்னே செஞ்ச கருவியும் இருக்கு, பைல அடில தேடி பாருங்க, இருந்தாலும் இருக்கும்.

குப்பத்து_மாலுமி:

மொத தடவ போறியா? ராத்திரி ரெண்டு இட்லியோட நிறுத்திக்க. டீசல் காசு போறதுக்கு முன்னாடியே பேசிடு. லைஃப் ஜாக்கெட் அவன்கிட்ட ஒண்ணு தான் இருக்கும், நீ உன்னுது வாங்கினு போ, எட்டாயிரத்துல அதயும் சேத்துக்க.