யானைகளுக்காகப் பதாகை பிடித்தால் வழக்குப் போடுவார்களா?

அக்கரைப்பற்று நிலா:
அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டுப் பக்கம் போய் வந்ததிலிருந்து எனக்கு நித்திரையில்லை. வீதியோரம் கிடந்த யானைச் சாணத்தைத் தம்பி குச்சியால் கிளறினான், சோற்றுப் பார்சல் சுற்றும் லஞ்ச்சீற் மடிப்புக்கூடக் குலையாமல் உள்ளே இருந்தது. அங்கே எட்டு வருடங்களில் இருபது யானைகள் வரை செத்ததாக 2022இல் செய்தி வந்ததே, அதற்கு வேலி கேட்டு ஏழு பேர் பதாகையோடு நிற்க நினைத்தோம். அதற்குள் யாரோ வீட்டுக்கு வந்து அம்மாவிடம் என் போன் நம்பரை விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அம்மா அன்றிலிருந்து அழுகை. வெளிநாட்டில் மிருகங்களுக்காக அமைதியாகப் போராடியவர்களையே பயங்கரவாதி என்று பிடித்தார்களாமே, உண்மையா? எங்களுக்கும் நடக்குமா?

கல்லடி வாசி:
உண்மைதான் தங்கச்சி. மிருகங்களை வைத்துத் தொழில் செய்பவர்களைப் பாதுகாக்க அமெரிக்காவில் 1992இல் ஒரு சட்டம் போட்டார்கள். 2006இல் அதை இன்னும் இறுக்கி, பெயரிலேயே 'பயங்கரவாதம்' என்ற சொல்லைச் சேர்த்தார்கள். 2009இல் கலிபோர்னியாவில் நான்கு பேரை அந்தச் சட்டத்தில் பிடித்தார்கள். குற்றச்சாட்டில் பெரும்பகுதி என்ன தெரியுமா? விலங்குப் பரிசோதனை செய்யும் விஞ்ஞானிகளின் வீட்டு முன்னால் கோஷம் போட்டது, நடைபாதையில் சோக்கால் எழுதியது, துண்டுப்பிரசுரம். இவர்கள் செய்த குற்றம் எது என்றே குற்றப்பத்திரத்தில் தெளிவாக இல்லை என்று அடுத்த வருடம் நீதிபதி தள்ளுபடி செய்தார். ஒருவருடைய வீட்டு வாசலில் போய்ச் சத்தம் போடுவது எனக்குப் பிடிக்காது, அந்த வீட்டுப் பிள்ளைகள் பயந்திருக்கும். அதற்காகப் பயங்கரவாதமா? அந்தச் சொல் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்று மட்டக்களப்பில் இருக்கிற எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

வாழைச்சேனை ரவி:
ஆஸ்திரியாவில் 2008 மே மாதம் மிருகங்களுக்காகப் போராடியவர்களின் வீடு வீடாகப் புகுந்து பத்துப் பேரைப் பிடித்து மூன்று மாதத்துக்கு மேல் அடைத்து வைத்தார்கள். குற்றக் கும்பல்களுக்கென்று எழுதிய சட்டப்பிரிவைத்தான் பாவித்தார்கள். 2011 மேயில் விசாரணை நீதிமன்றம் வழக்கில் நிறுத்தப்பட்ட 13 பேரையும் விடுவித்தது, ஆனால் போன வருடங்கள் போனதுதானே.

திருக்கோவில் அக்கா:
பிள்ளை, இலங்கை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை அமைதியாகக் கூடுவதை உரிமை என்கிறது. 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டமும் இதே நாட்டில்தான் இருந்தது, அதனால் அம்மாவின் பயத்தைச் சும்மா என்று சொல்லாதே. மயிலத்தமடு மேய்ச்சல் தரைக்காக மாட்டுக்காரர்கள் இருந்த போராட்டத்துக்கு ஆதரவு கொடுத்துவிட்டுத் திரும்பிய யாழ் பல்கலைக்கழக மாணவர்களை 2023 நவம்பரில் சந்திவெளியில் பிடித்தார்கள், பிறகு பிணையில் விட்டார்கள். மிருகவதைக்கு 1907ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் வைத்த உச்சத் தண்டப்பணமோ 100 ரூபாய்! எனக்கு வயிறு எரிகிறது.

சரி, நிற்பதென்றால் வீதியை மறிக்காதீர்கள், குப்பைமேட்டுக்குள் கால் வைக்காதீர்கள். பொலிஸுக்கு முன்னரே கடிதம் கொடுத்துப் பிரதியில் முத்திரை வாங்குங்கள். சட்டத்தரணி ஒருவருடைய நம்பர் ஏழு பேரிடமும் இருக்கட்டும். வீட்டுக்கு வருபவரிடம் பெயரையும் எந்த நிலையம் என்பதையும் கேட்டு எழுதிக்கொள். முக்கியமாக, வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதித் தந்தால், தமிழில் வாசித்து விளங்கப்படுத்தும் வரை கையெழுத்து வைக்காதே. என் அண்ணா வைத்தவர்.

அக்கரைப்பற்று நிலா:
கடிதத்தை இன்று இரவே எழுதுகிறேன் அக்கா. அந்த லஞ்ச்சீற்றைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன், பதாகையில் அதைத்தான் ஒட்டப்போகிறோம்.