குரிகிராம் மாவட்ட சென்சஸ் எண்கள்: கையாண்டவர்களின் அனுபவப் பகிர்வு

அட்டவணைக்காரர்:

வங்கதேசத்தின் வடக்கு மூலையில் இருக்கும் குரிகிராமின் மக்கள்தொகை என்ன, குடும்பங்கள் எத்தனை என்று யாராவது கேட்டால், "எந்த ஆண்டுக்கு?" என்று திருப்பிக் கேட்பதோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். எந்த வெளியீடு, திருத்தியதா திருத்தாததா, எந்த எல்லைக்குள் எண்ணியது என்பதையும் கேட்டுக்கொள்ளாமல் எண்ணைக் கொடுத்தால் பின்னால் சண்டைதான்.

நாட்டளவு எண்ணையே பாருங்கள். 2011 சென்சஸுக்கு மூன்று எண்கள் உலவுகின்றன. அந்த ஜூலையில் வந்த முதற்கட்ட எண் 14,23,19,000. கடைசியில் எண்ணி முடித்தது 14,40,43,697. விடுபட்டவர்களைச் சேர்த்துத் திருத்தியது 14,97,72,364. 2022-க்கு, எண்ணியது 16,51,58,616, திருத்தியது 16,98,28,911.

இவற்றை மாற்றிப் பொருத்தினால் என்ன ஆகும்? இரண்டு சென்சஸுக்கும் இடைவெளி 11.25 ஆண்டு (2011 மார்ச் 15 முதல் 2022 ஜூன் 15 வரை). எண்ணியதோடு எண்ணியதை வைத்தால் ஆண்டு வளர்ச்சி 1.22 சதவீதம். திருத்தியதோடு திருத்தியதை வைத்தால் 1.12. பழையதில் திருத்தியதும் புதியதில் எண்ணியதும் எடுத்துவிட்டால் 0.87-க்குச் சரியும். தலைகீழாக எடுத்தால் 1.46-க்கு ஏறும். நான்கும் "அரசு எண்களிலிருந்து கணக்கிட்டவை" என்றே கட்டுரைகளில் வரும்.

மாவட்டம், உபஜிலா (நம் வட்டம் போன்றது), யூனியன் (சில ஊர்கள் சேர்ந்த உள்ளாட்சி அலகு) மட்டத்தில் 2011-க்குக் கையில் கிடைப்பவை பெரும்பாலும் எண்ணியவை. குரிகிராமின் 20,69,273 அப்படிப்பட்டது. அதை நாட்டின் 14.97 கோடியால் வகுத்து "மாவட்டத்தின் பங்கு" என்று எழுதக் கூடாது. 14.40 கோடியால்தான் வகுக்க வேண்டும்.

பின்னக்கணக்கு:

திருத்தத்தைப் பற்றி ஒரு நுணுக்கம். இரண்டு முறையும் மறு சரிபார்ப்பைச் செய்தது வங்கதேச வளர்ச்சி ஆய்வு நிறுவனம். 2022-க்கு விடுபட்ட அளவு 2.75 சதவீதம் என்று வந்ததும் பலர் 16.51 கோடியை 1.0275-ஆல் பெருக்கிவிட்டு, அதிகாரப்பூர்வ எண் வரவில்லையே என்று குழம்பினார்கள். 0.9725-ஆல் வகுத்துப் பாருங்கள், 16,98,28,911 அப்படியே வரும். உண்மையான மக்கள்தொகையில் விடுபட்ட பங்குதான் அந்த 2.75.

2011-க்கு விடுபட்ட அளவாகச் சொன்ன 3.97 சதவீதம் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறது. அது எண்ணியதன் மேல் கூட்டும் விகிதம். 1.0397-ஆல் பெருக்கினால் அதிகாரப்பூர்வ எண்ணுக்குப் பத்தாயிரம் அளவு குறைவாக, கிட்டத்தட்ட சரியாக வரும். 0.9603-ஆல் வகுத்தால் இரண்டு லட்சத்துக்கு மேல் தாண்டிவிடும். ஆகவே "3.97-லிருந்து 2.75-ஆகக் குறைந்தது" என்று ஒரே வரியில் ஒப்பிடுவது சரியில்லை. ஒரே அடிப்படைக்குக் கொண்டுவந்தால் 2011 சுமார் 3.8 ஆகும்.

இந்த நாட்டளவு விகிதத்தை ஒரு யூனியன்மீது போட்டுத் "திருத்திய யூனியன் மக்கள்தொகை" தயாரிப்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். விடுபடுதல் டாக்காவின் வாடகைக் குடியிருப்பில் ஒருவிதம், பிரம்மபுத்திராவின் மணல்திட்டில் வேறுவிதம்.

அடுப்படி:

குடும்ப எண்ணிக்கைக்கு வருகிறேன். அட்டவணையில் குடும்பம் என்று நாம் படிப்பது 'கானா', அதாவது ஒரே அடுப்பில் சமைத்துச் சேர்ந்து உண்பவர்கள். இரத்த உறவு கட்டாயமில்லை. ஒரே முற்றத்தைச் சுற்றி அப்பாவும் மணமான மூன்று மகன்களும் நான்கு குடிசைகளில் இருந்தால், உலை தனித்தனி என்றால் நான்கு கானா, ஒன்று என்றால் ஒரே கானா. யூனியன் பரிஷத்தின் வீட்டுவரிப் பதிவேட்டில் அந்த முற்றம் முழுவதும் ஒரே மனையாகவும் இருக்கலாம். பதிவேட்டோடு சென்சஸ் ஒத்துவரவில்லை என்ற புகாரில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

வீடு வேறு, கானா வேறு என்பதும் நினைவிருக்கட்டும். 2022-இன் முதற்கட்ட அறிக்கையில் கானா 4,10,10,051. வசிப்பு வீடுகள் 3,59,90,951. இடையில் ஐம்பது லட்சம் வித்தியாசம். இரண்டையும் "வீடுகள்" என்று மொழிபெயர்த்துவிட்டு எண் முரண்படுகிறது என்பவர்களைப் பார்த்தாயிற்று.

கானாக்கள் பொது, நிறுவன, பிற என்று மூவகை. மதரஸா விடுதி, மருத்துவமனை, சிறை எல்லாம் நிறுவன வகை. சராசரிக் குடும்ப அளவு கேட்டால் பொதுக் கானாவில் உள்ளவர்களைப் பொதுக் கானா எண்ணிக்கையால் வகுப்பதே முறை. மாவட்ட மட்டத்தில் வேறுபாடு தெரியாது. ஒரு பெரிய விடுதி இருக்கும் சிறு மௌசாவில் (வருவாய் கிராமம்) சராசரி தாறுமாறாக ஏறும். குரிகிராமில் 2011-இல் கானா ஏறத்தாழ 5 லட்சத்து 8 ஆயிரம், ஆகச் சராசரி 4.1. நாட்டுச் சராசரி அப்போது 4.4, 2022-இல் 4.0.

இதனால் கானா எண்ணிக்கை மக்கள்தொகையைவிட வேகமாக ஏறும். நாட்டளவில் 2011-இல் 3,21,73,630 கானா. பதினொன்றேகால் ஆண்டில் 27 சதவீதம் கூடியது. மக்கள் கூடியது 15 சதவீதத்துக்கும் குறைவு. நிவாரண அட்டை, கழிப்பறை, கைப்பம்பு என்று குடும்பக் கணக்கில் பங்கிடும் திட்டத்துக்குப் பழைய கானா எண்ணை மக்கள் வளர்ச்சி விகிதத்தால் உயர்த்தினால் கட்டாயம் பற்றாக்குறை வரும். மக்களை முன்னோக்கிக் கணித்து, குறைந்துவரும் சராசரி அளவால் வகுங்கள்.

ஆற்றோரம்:

குரிகிராமில் மற்ற எல்லாவற்றையும் கலைத்துப் போடுவது ஆறு. பிரம்மபுத்திரா, தீஸ்தா, தர்லா, தூத்குமார் நான்கும் இந்த ஒரே மாவட்டத்தில். ஒன்பது உபஜிலாக்களில் ரௌமாரியும் சர் ராஜிப்பூரும் பிரம்மபுத்திராவுக்குக் கிழக்கே கிடக்கின்றன. மாவட்டத் தலைநகரிலிருந்து படகில்தான் அக்கரை போக வேண்டும். உலிப்பூரும் நாகேஸ்வரியும் 2011-இல் தலா நான்கு லட்சத்தை ஒட்டியவை, சர் ராஜிப்பூரோ முக்கால் லட்சத்தைத் தொடவில்லை. உபஜிலா சராசரிகளை எடையில்லாமல் கூட்டி ஒன்பதால் வகுத்தால் வரும் பிழையை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

மௌசா என்பது வருவாய்த்துறை அளந்து எல்லை போட்ட நிலம், நம் வருவாய் கிராமம் மாதிரி. ஆறு அதைத் தின்றுவிட்டாலும் பதிவேட்டில் அதன் பெயரும் எண்ணும் நிற்கும். ஆகவே அட்டவணையில் பரப்பளவு இருந்து கானா பூஜ்யமாக ஒரு மௌசா வந்தால் உடனே தட்டச்சுப் பிழை என்று நீக்கிவிட வேண்டாம். முந்தைய சென்சஸில் அதே குறியீட்டில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று பாருங்கள். முன்பு ஆயிரம் பேர், இப்போது பூஜ்யம் என்றால் அரிப்பு. இரண்டிலும் பூஜ்யம் என்றால் ஏற்கெனவே நீரிலோ வெறும் வயலாகவோ இருந்தது.

அந்த மக்கள் எங்கே போனார்கள் என்பதை அக்கம்பக்க மௌசாக்களின் திடீர் ஏற்றத்தில் தேடலாம். ஆனால் சில்மாரியின் அஷ்டமீர் சர், நயார்ஹாட், உலிப்பூரின் சாஹேபேர் ஆல்கா போன்ற யூனியன்களில் ஒரு திட்டு கரைந்தால் ஆட்கள் அடுத்த திட்டுக்கோ, கரையணைக்கோ, எதிர்க்கரைக்கோ போவார்கள். அது வேறு யூனியனாகவும் வேறு உபஜிலாவாகவும் இருக்கலாம். இங்கே யூனியன் வாரி வளர்ச்சி விகிதம் பிறப்பு இறப்பைவிட மண் இடம்பெயர்ந்ததைத்தான் சொல்லும்.

அடர்த்திக்கும் இதே கதி. 2011-இல் மாவட்டப் பரப்பு 2,245 சதுர கிலோமீட்டர், அடர்த்தி 922. மௌசா பட்டியலில் பரப்பு ஏக்கரில் வரும், 247.1-ஆல் வகுத்தால் சதுர கிலோமீட்டர். அந்த ஏக்கர் நில அளவையின் ஏக்கர். பாதி ஆற்றில் இருந்தாலும் முழுசாகவே நிற்கும். திட்டுகளில் உண்மை நெருக்கம் அட்டவணை காட்டுவதைவிட அதிகம்.

கேட்பவர்:

வெளியூர் வேலைக்குப் போகும் ஆண்கள் எந்தப் பக்கம் கணக்காகிறார்கள்? குரிகிராமில் அது பெரிய எண்ணிக்கை இல்லையா?

அடுப்படி:

பெரிய எண்ணிக்கைதான். வங்கதேசம் பின்பற்றுவது, கணக்கெடுப்பு இரவில் இருந்த இடத்தில் எண்ணும் முறையின் திருத்திய வடிவம். அன்றிரவு பயணத்திலோ பணியிலோ இருந்தவரை வீட்டில் எண்ணுவார்கள். மாதக்கணக்கில் டாக்காவில் ரிக்ஷா ஓட்டுபவர் அங்கே தங்கும் அறையில்தான் எண்ணப்பட வேண்டும். ஊரில் மனைவி அவர் பெயரையும் சொல்லிவிட்டால் இரட்டைப் பதிவு. இரண்டு பக்கமும் "அங்கே எழுதியிருப்பார்கள்" என்று விட்டுவிட்டால் அவர் எங்குமே இல்லை. இரண்டாவதுதான் அதிகம் நடக்கும்.

மாதத்தையும் கவனிக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பு மார்ச் 15 முதல் 19 வரை. செங்கல் சூளைகள் எரியும் வறண்ட பருவம் அது, ஆட்கள் வெளியே இருக்கும் காலம். 2022-இல் ஜூன் 15 முதல் 21 வரை: போரோ நெல் அறுவடை முடிந்து சூளையும் நின்ற நேரம். ஐப்பசிக்கு முன்பின்னான 'மொங்கா' பசிக்காலம் இரண்டிலுமே இல்லை. ஆகவே ஆண் பெண் விகிதத்தில் தெரியும் மாற்றத்தை முழுக்க நிரந்தர இடப்பெயர்வு என்று வாசிக்கக் கூடாது. 20 முதல் 39 வயது ஆண்களை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தால் பருவத்தின் சாயல் தெளிவாகும்.

2022-இல் மூன்றாம் பாலினமும் தனிப் பத்தி. முதற்கட்ட அறிக்கையில் நாட்டளவில் 12,629 பேர். ஆண், பெண் இரண்டை மட்டும் கூட்டி மொத்தத்தோடு சரிபார்க்கும் பழைய சூத்திரம் இனிச் சரியாக வராது.

எல்லைக்கோடு:

ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. 2015 ஜூலை 31 நள்ளிரவில் இந்தியாவும் வங்கதேசமும் உள்நிலத் துண்டுகளை (ஒரு நாட்டுக்குள் சிக்கியிருந்த மற்ற நாட்டின் நிலங்களை) மாற்றிக்கொண்டன. வங்கதேசத்துக்குள் இருந்த 111 இந்தியத் துண்டுகளில் லால்மோனிர்ஹாட்டில் 59, பஞ்சகட்டில் 36, குரிகிராமில் 12, நீல்பாமாரியில் 4. 2011 மார்ச் சென்சஸின்போது இவை இந்திய நிலம், எண்ணப்படவில்லை. அதே ஆண்டு ஜூலையில் இரு நாடுகளும் சேர்ந்து தனியாகத் தலைக்கணக்கு எடுத்தன. 111 துண்டுகளில் 37,334 பேர்.

குரிகிராமில் முக்கியமானது ஃபுல்பாரி உபஜிலாவுக்குள் இருந்த தாஸியார்சரா. 2022-இல் அதன் மக்கள் ஃபுல்பாரியின் கணக்கில் வருகிறார்கள். எனவே அந்த உபஜிலாவின் 2011–2022 ஏற்றத்தில் ஒரு பகுதி நிலம் சேர்ந்ததால் வந்தது. மாவட்ட மட்டத்தில் மூழ்கிவிடும், யூனியன் மட்டத்தில் பளிச்சென்று தெரியும். லால்மோனிர்ஹாட்டின் பாட்கிராமுக்கு இதே கணக்கைப் போடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

எக்செல் கை:

பட்டியலை இணைக்கும்போது மாட்டிக்கொள்ளும் இடங்கள். குரிகிராமின் மாவட்டக் குறியீடு 49. மாவட்டக் குறியீடுகள் ஆங்கில அகரவரிசையில் போகின்றன, பாகேர்ஹாட் 01, தாகுர்காவ் 94. உபஜிலாக்கள்: பூருங்காமாரி 06, சர் ராஜிப்பூர் 08, சில்மாரி 09, ஃபுல்பாரி 18, சதர் (மாவட்டத் தலைநகர் உபஜிலா) 52, நாகேஸ்வரி 61, ராஜார்ஹாட் 77, ரௌமாரி 79, உலிப்பூர் 94. எக்செலில் சாதாரணமாகத் திறந்தால் 06 வெறும் 6 ஆகிவிடும். நான்கு இலக்கக் குறியீடு மூன்றாகிச் சேராமல் போகும். இறக்கும்போதே பத்தியை எழுத்து வகையாக வைத்துவிடுங்கள்.

கோட்டக் குறியீட்டை முன்னால் ஒட்ட வேண்டாம். 2001-இல் குரிகிராம் ராஜ்ஷாஹி கோட்டம், குறியீடு 50. 2010-இல் ரங்பூர் கோட்டம் பிறந்தபின் 55.  கோட்டம், மாவட்டம், உபஜிலா என்று சேர்த்தால் ஒரே உலிப்பூர் 504994, 554994 என இரண்டு ஊர்போலத் தெரியும். மாவட்டக் குறியீட்டிலிருந்து தொடங்கினால் தொல்லையில்லை.

பெயரால் இணைப்பதை மறந்துவிடலாம். ஃபுல்பாரி தினாஜ்பூரிலும் இருக்கிறது. ரௌமாரிக்கும் நாகேஸ்வரிக்கும் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டு. 2018-இல் அரசே ஐந்து மாவட்டங்களின் ஆங்கில எழுத்துக்கூட்டை மாற்றியது.

பிடிஎப்பில் ஒரே பத்தியில் உபஜிலா, யூனியன், மௌசா, கிராமம் எல்லா வரிகளும் அடுக்காக வரும். பத்தியை அப்படியே கூட்டினால் ஒரு ஆள் நான்கு முறை எண்ணப்படுவார். மட்டத்துக்கு ஒரு தனிப் பத்தி போட்டு, யூனியன்களையும் நகராட்சிகளையும் கூட்டி உபஜிலா வரியோடு பொருந்துகிறதா பார்த்த பிறகே கீழே இறங்குங்கள். வங்காள எண்களில் அச்சான அறிக்கை என்றால் நான்கு நம் 8 போலவும் ஏழு 9 போலவும் இருக்கும். கையால் ஏற்றும் தட்டச்சாளர்கள் வழுக்கும் இடம் அதுதான், இந்தக் கூட்டல் சோதனையில் உடனே பிடிபடும்.

கேட்பவர்:

1974, 1981 வரை பின்னோக்கிப் போக முடியுமா?

அட்டவணைக்காரர்:

முடியும், ஆனால் மாவட்டம் என்று தேடினால் கிடைக்காது. குரிகிராம் 1984-இல்தான் மாவட்டமானது. அதற்கு முன் ரங்பூர் மாவட்டத்தின் உட்கோட்டம். பழைய அறிக்கைகளில் ரங்பூரைத் திறந்து, இன்றைய உபஜிலாக்களாக மாறிய தானாக்களை (காவல் நிலைய எல்லைகளை) ஒவ்வொன்றாக எடுத்துக் கூட்ட வேண்டும். ரௌமாரியையும் சர் ராஜிப்பூரையும் தொடர் முழுவதும் ஒரே அலகாக வைப்பது பாதுகாப்பு. நகராட்சி இருக்கும் சதர், நாகேஸ்வரி, உலிப்பூர் மூன்றிலும் நகராட்சி எல்லை யூனியனிலிருந்து வெட்டி எடுத்தது. அங்கே யூனியன் வாரித் தொடர் போட்டால் ஒரு கட்டத்தில் மக்கள் ஓடிப்போனது போல் ஒரு பள்ளம் விழும். உபஜிலா மொத்தத்தில் அந்தப் பள்ளம் இருக்காது, ஆகவே 1974 தொடருக்கு உபஜிலாவுக்குக் கீழே இறங்காதீர்கள். வளர்ச்சி விகிதத்துக்கு ஆண்டுகளைப் பத்து என்று போட்டுவிடவும் வேண்டாம். 2011-இன் 20.69 லட்சம் 2022-இல் 23.29 லட்சம் ஆனது. பத்தால் வகுத்தால் ஆண்டுக்கு 1.18 சதவீதம், 11.25-ஆல் வகுத்தால் 1.05.