புரூசெல்லா காய்ச்சல்: எட்டு மாதக் கர்ப்பிணித் தங்கச்சிக்காகக் கேட்கிறன்

மட்டக்களப்பு படுவான்கரைப் பக்கம் மாட்டுப் பட்டி வைச்சிருக்கிற அண்ணாமார், அக்காமார், ஆராவது சொல்லுங்க. என்ட தங்கச்சிக்கு இப்ப எட்டாம் மாசம். மூன்று கிழமையாப் பின்னேரத்தில காய்ச்சல், இரவில உடுப்பு நனையிற வியர்வை, மூட்டு நோவு. இரத்தத்தில, மாட்டிலயிருந்து தொத்துற புரூசெல்லாக் கிருமி எண்டு வந்திட்டு. எங்கட பட்டியில ரெண்டு மாடு காலம் முந்திக் கன்று வீசினதுகள். வெறுங்கையால இளங்கொடியை அள்ளினது அவள்தான். தெரிஞ்சிருந்தா விட்டிருக்க மாட்டன்.

ரிபாம்பிசின் குடுத்திருக்கிறாங்க, வழமையாக் குடுக்கிற டொக்சிசைக்ளின் கர்ப்பிணிக்கு ஆகாதாம். இந்தக் கிருமி நச்சுக்கொடியாலயும் தாய்ப்பாலாலயும் பிள்ளைக்குப் போகலாம் எண்டு டொக்டர் சொன்னதிலிருந்து அம்மா ஒழுங்காச் சாப்பிடுறதில்ல.

இந்த நோயோட பிள்ளை பெத்தவங்க இருக்கிறீங்களா? பிள்ளைக்கு எப்ப இரத்தம் எடுத்தாங்க, பால் குடுக்க விட்டாங்களா? மற்ற மாடுகளைச் சோதிக்க மிருக வைத்தியரிட்ட என்னெண்டு கேக்கிறது?