கம்பனைக் கொளுத்தச் சொன்னதும் கம்பனுக்குச் சிலை வைத்ததும்

பொருநைவாசி:
கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டும் என்று 1943-இல் அண்ணா மேடையேறி வாதிட்டார். சென்னையில் ரா. பி. சேதுப்பிள்ளையும் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் அவரை எதிர்த்துப் பேசினார்கள். அதே அண்ணா முதல்வராக இருந்த 1968-இல், உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் கம்பருக்குச் சிலை எழுந்தது. கட்சிக் கொள்கையை வைத்துக் காவியத்தை எடைபோட்டால் அந்தத் தீர்ப்பு நிலைக்காது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

செங்காந்தள்:
சிலையைக் காட்டி வாதத்தை முடித்துவிடாதீர்கள், நண்பரே. அது கம்பரின் தமிழுக்கு வைத்த சிலை. கம்பருக்குக் கவி பாடத் தெரியுமா என்று 1943-இல் யாரும் கேட்கவில்லை. புராணக் கதையையே ஒழுக்க நூலாகப் போதித்த காலம் அது. பிறப்பால் தாழ்ந்தவர் எனப்பட்டவர்கள், 'இந்தக் கதையில் எங்கள் இடம் எது?' என்று கேட்டார்கள். அப்படிக் கேட்கும் துணிவை அவர்களுக்குக் கொடுத்தது கொள்கைதான்.

பொருநைவாசி:
கேட்டதில் தவறில்லை, தீ எதற்கு? "குகனொடும் ஐவர் ஆனேம்" என்று தொடங்கி, வேடன், வானரன், அரக்கன் என மூவரையும் உடன்பிறந்தாராக எண்ணிச் சொல்கிறான் கம்பனின் இராமன். பொதுவுடைமைக்காரரான ஜீவா கம்பன் மேடைகளில் முழங்கினார். சென்னைக் கம்பன் கழகத்தை வளர்த்தவர் நீதிபதி மு. மு. இஸ்மாயில். இவர்கள் எந்த மதப் பற்றால் கம்பனிடம் வந்தார்கள், சொல்லுங்கள்.

செங்காந்தள்:
குகன் தம்பியானான், சரி. ஆனால் கங்கைக் கரையிலேயே நின்றுவிட்டானே! சூர்ப்பணகையின் மூக்கை அறுத்ததை வீரமாக வாசித்த தலைமுறைகளையும் கணக்கில் எடுங்கள்.

வேம்படி:
இருவரும் வாலி வதைப் படலத்தை இன்னொரு முறை படியுங்கள். மார்பில் அம்பு தைத்துக் கிடக்கும் வாலி இராமனை நேருக்கு நேர் குற்றம் சாட்டுகிறான். வேடனைப் போல மறைந்து நின்று எய்தது ஏன் என்று கேட்கும்போது இராமன் வாய் திறப்பதில்லை. இலக்குவன்தான் பதில் சொல்கிறான். நீயும் அடைக்கலம் என்று வந்துவிடுவாய், அதனால்தான் என்கிறான். இதுவும் ஒரு பதிலா? காவிய நாயகனையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தக் கம்பன் அஞ்சவில்லை. அண்ணாவின் கேள்விக்கு வெகுகாலம் முன்பே வாலி கேட்டுவிட்டான். கொளுத்தியிருந்தால் அந்தக் குரலும் எரிந்திருக்கும்.

செங்காந்தள்:
நல்ல இடத்தைச் சொன்னீர்கள், ஏற்கிறேன். ஆனால் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அதே வாலி கடைசியில் இராமனைப் பரம்பொருளாகப் போற்றி, தன் மகன் அங்கதனை அவனிடமே ஒப்படைக்கிறான். வகுப்பறையில் வாலியின் கேள்வியை விரைவாகக் கடந்து, அவன் கைகூப்பியதை மட்டும் உருகிச் சொல்லும் ஆசிரியர்கள் இன்றும் இருக்கிறார்கள். என் சண்டை அவர்களோடுதான். அந்தப் பாடம் மாறும்வரை 1943-ஐப் பழங்கதை என்று சொல்ல நான் விடமாட்டேன்.