புதுப்பிப்பு: பைக் அடியில் எண்ணெய்க் கசிவு, காரணம் கியர் ஷாஃப்ட் சீல்

மண்டபத்தில் வீட்டு வாசலில் நிறுத்தும் என் பைக்கின் அடியில் தினமும் காலையில் இரண்டு மூன்று சொட்டு என்ஜின் ஆயில் கிடக்கிறது, டிரெயின் போல்ட் (பழைய ஆயிலை வடிக்க என்ஜினின் அடியில் இருக்கும் போல்ட்) வாஷர் மாற்றியும் நிற்கவில்லை என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கசிவு நின்றுவிட்டது.

கைகொடுத்தது பதில்களில் வந்த முகப்பவுடர் யோசனைதான். என்ஜினை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, அடிப்பக்கம் முழுக்கப் பவுடர் தூவி, பாம்பன் பாலம் தாண்டி தங்கச்சிமடம் வரை போய்த் திரும்பிப் பார்த்தால், இடது பக்கம் செயின் ஸ்ப்ராக்கெட் (என்ஜினில் செயினை இழுக்கும் பல்சக்கரம்) மூடிக்குள்ளிருந்து ஒரே ஒரு ஈரக்கோடு. கியர் ஷாஃப்ட் ஆயில் சீல், அதாவது அந்த ஷாஃப்ட் என்ஜினிலிருந்து வெளியே வரும் இடத்தில் ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம். அங்கே கசிந்தது ஓட்டத்தில் காற்றடித்து அடி முழுக்கப் பரவி, வண்டி நின்றதும் டிரெயின் போல்ட்டில் வந்து தொங்கியிருக்கிறது.

எதிர்பாராதது ஒன்று: உப்புக்காற்றில் மூடியின் போல்ட்டுகள் துருப்பிடித்து இறுகிவிட்டன, துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைக்க வேண்டியிருந்தது. உள்ளே செயின் கிரீஸும் கடல்மணலும் சேர்ந்து களிமண் மாதிரி அப்பியிருந்தது, அதுதான் சீலின் உதட்டை (ஷாஃப்ட்டை ஒட்டி நிற்கும் உள்விளிம்பை) தின்றிருக்கும் என்று நினைக்கிறேன். என் வண்டியில் சீலை வெளியிலிருந்தே மாற்ற முடிந்தது, என்ஜினைப் பிரிக்கவில்லை. அப்புறம், ஷாஃப்ட்டின் பல்லில் டேப் சுற்றி, உதட்டில் கிரீஸ் தடவி ஏற்றுங்கள், இல்லாவிட்டால் புது சீலும் கிழியும். மூன்று வாரமாகத் தரை காய்ந்தே இருக்கிறது.